ரெசின் அக்காவின் பத்தாவது படிவம்

“ஏம்மா, கண்ணாடி நூலும் கோந்தும் சேந்தா இரும்பாயிடுமா? எந்தக் காலேஜ்ல இத சொல்லிக் குடுத்தாங்க?”

ஆம்பூரில் பாதுகாப்புக் காலணிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் கேட்ட முதல் கேள்வி இது. நான் பாலிமர் படித்துப் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள். இதை நான் அடிக்கடி சொல்வேன்; கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை. மாலையில் ஹாஸ்டலுக்குப் போய், என்னோடு அறையில் தங்கியிருந்த அக்காவிடம் அந்தக் கேள்வியை அப்படியே ஒப்பித்தேன். அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

“இரும்பாயிடுமாவா? நாம இன்னாத்துக்குடி இரும்பாவணும்? அவ்ளோ கீழ எறங்கிட்டமா?”

உலகத்தில் இரும்பைத் தன் சொந்த விரோதியாகக் கருதிய ஒரே பெண் ரெசின் அக்காதான். ஹாஸ்டல் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேரணாம்பட்டு சாலையில் தோல் பதனிடும் ஆலைகளுக்கு ஆசிட் தொட்டி செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. அச்சின் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, அதில் ரெசின் என்கிற பிசினை ஊற்றி, ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காய்ந்ததும் அது தொட்டி. பதினோரு ஆண்களுக்கு நடுவில் அந்த வேலை செய்த ஒரே பெண் அவள். நாள் முழுவதும் அச்சுக்குள் குந்தி உட்கார்ந்தே உருட்டுவாள்.

“இரும்புத் தொட்டி வெச்சா அடி பூடுது. துரு புடிக்குது. நாலு மழ தாங்காதவன நம்பி யாராவது ஆசிட்ட ஊத்துவாங்களா?” என்பாள். இரும்பை எப்போதும் ஆண்பாலில்தான் சொல்வாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவள் வேலை முடிந்து வருவது தெருமுனையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் வாசனை வரும், பிறகு அக்கா வருவாள். வாசனை கூடப் பழகிவிட்டது. அரிப்புத்தான் பழகவில்லை. ஒரு முறை தண்ணீர் தட்டுப்பாட்டில், சிக்கனமாக இருக்கட்டும் என்று, அவள் வேலைத் துணியை எங்கள் துணிகளோடு ஒரே வாளியில் ஊறப்போட்டாள். கண்ணாடி இழை கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் தேவாலயத்துக்குப் போன எங்கள் மாடிப் பெண்கள் எல்லோரும் பிரார்த்தனை முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தோம். பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவர், இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்தி ஆவேசமா என்று உருகிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அக்காவிடம் சண்டைக்குப் போனோம்.

“ஜாஸ்தி சொறியாதீங்கடி, உள்ள எறங்கிடும். பச்சத் தண்ணில குளிங்க” என்றாள்.

“தண்ணிதான் இல்லியே அக்கா!”

“அப்ப சொறிங்க.”

ஹாஸ்டலில் எது உடைந்தாலும் அது அக்காவின் சொத்து. வாளி, கதவுத் தாழ், செருப்பு மாட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. வார்டன் அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் விரிந்துபோனது. அதற்கு நான்கு அடுக்கு போட்டு ஒட்டிக் கொடுத்தாள். நாற்காலி கல் மாதிரி நின்றது. ஆனால் அந்தக் கால் மட்டும் கொஞ்சம் உயரம். வார்டன் அம்மா சாய்ந்தபடி கணக்குப் பார்த்தார். அதைக் கண்ட அக்கா, அந்தக் காலைத் தேய்த்துக் குறைக்கவில்லை. அது கௌரவக் குறைச்சல். மற்ற மூன்று கால்களையும் ஏற்றினாள். இப்போது அவற்றில் ஒன்று கூடுதல். மறுபடி மூன்றை ஏற்றினாள். ஒரு மாதத்தில் நாற்காலி மட்டத்துக்கு வந்தது. வார்டன் அம்மாவின் கால்கள் தரையில் படவில்லை. அதற்கு அக்கா ஒரு கால் வைக்கும் பலகை செய்து கொடுத்தாள். அதுவும் ரெசின்தான்.

“யம்மா, நான் எறங்கறதுக்கு ஏணி எப்ப குடுக்கப் போற?” என்று வார்டன் அம்மா கேட்டார்.

அக்கா அளவெடுக்க நாடாவை எடுத்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள், மாடித் தொட்டியின் மூடியை ஒட்டுகிறேன் என்று குளியலறை மக்கில் ரெசின் கலந்தாள். எங்கள் ஊர் வெயிலில், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கம்மியாகத்தான் ஊற்ற வேண்டும். அன்று அவள் பேசிக்கொண்டே பழக்கத்தில் மார்கழி அளவுக்கு ஊற்றிவிட்டாள். மக் புகைந்தது. அவள் பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுப்பதற்குள் எல்லாம் கெட்டியாகிவிட்டது. மக்குக்கு நடுவில் பிரஷ் கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை. அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஒட்டு நல்லா புடிச்சிருக்குது” என்றாள். அது எங்கள் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது.

அவளோடு ஊருக்குள் நடந்து போவது ஒரு கணக்கெடுப்பு. பேருந்தின் முகப்பு, ஆலைக் கூரையில் வெளிச்சம் விடும் தகடு, கழிப்பறைக் கதவு, சந்திப்பில் நிற்கும் தலைவர் சிலை, பேட்மிண்டன் மட்டை: எல்லாவற்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டு, “நம்ம சரக்கு” என்று ஒரு தலையசைப்பு. மேலே விமானம் போனால் நின்றுவிடுவாள். “பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதான்” என்பாள். அதில் போகிறவர்களைச் சொல்லவில்லை. இறக்கையையும் உடம்பையும் சொல்கிறாள்.

ஒரு நாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே, வண்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த ஒருவரின் தலையில் தட்டினாள். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது.

“யாரும்மா நீ?”

“கோவிச்சிக்காதண்ணே. ஒரிஜினலா டூப்பான்னு பாத்தேன்.”

அவர் போனை வைத்தார். பிறகு, “இன்னா?” என்றார்.

“டூப்பு.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அதை ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, நடப்பவர்கள் முந்திப் போகிற வேகத்தில் வண்டியை ஓட்டிப் போனார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வேலூருக்குப் பேருந்தில் போனோம். பள்ளிகொண்டாவுக்கு முன்னால் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றி வந்த நீள லாரி, திரும்புகிற இடத்தில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பேருந்தில் எல்லோரும் அந்த லாரியின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் காணோம். எட்டிப் பார்த்தால், கொளுத்தும் வெயிலில் அந்த வெள்ளை இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு அதைத் தடவிக்கொண்டே நடந்து போகிறாள். லாரி நகர்ந்தது. பேருந்து நகரத் தொடங்கியது. அக்கா வரவில்லை.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். “யம்மோவ்! ஏறு! அது இன்னா உன் சொந்தக்காரனா?”

ஓடி வந்து ஏறிய அக்கா, மூச்சு வாங்க, டிக்கெட்டைக் காட்டுவது போலப் பணிவாகச் சொன்னாள். “ஆமாண்ணே. ஒரே ரெசின்.”

வேலூர் வரும் வரை அவள் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, “எத்தினி அடுக்கு இருக்கும் சொல்லு? ஒரு காத்து முட்டை இல்லடி. ஒண்ணு கூட இல்ல” என்றாள். தரிசனம் கிடைத்த முகம்.

இப்படிப்பட்டவளை நான் என் வேலைக்குள் இழுத்தேன் என்றால், அதற்குக் காரணம் பயம்.

எங்கள் தொழிற்சாலையின் காலணிகளில் விரல்களுக்கு மேலே, தோலுக்கு உள்ளே, ஒரு கவசம் இருக்கும். டோ கேப் என்போம். பாரம் விழுந்தாலும் விரல் நசுங்காது. அதுவரை அது இரும்பாக இருந்தது. வெளிநாட்டில் விமான நிலையங்களில் மூட்டை ஏற்றும் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டார்: இரும்பு வேண்டாம், சோதனை வாசலில் ஒவ்வொரு முறையும் கூவுகிறது, குளிரில் விரல் விறைக்கிறது, கனம். அதனால் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து அழுத்திய டோ கேப். அதை நாங்களே செய்வது என்று முதலாளி முடிவெடுத்தார். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள்.

மேனேஜருக்கு இதில் சம்மதம் இல்லை. இரும்போடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர். என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

“ஆறு மாசம் டைம். அதுக்குள்ள பையர் ஓகே சொல்லணும். இல்லன்னா நீ வூட்டுக்கு, நான் இரும்புக்கு.”

வீடு என்றால் நாட்றம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் அப்பா, அம்மா. என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியோடு திரும்பி வந்து அதன் கீழே நிற்கிற காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்த்தேன், அதனால்தான் முடியவில்லை என்று தெரிந்தது.

டோ கேப் தயாரானது. எங்கள் இயந்திரம் அதன் மேல் பாரத்தைப் போட்டது, தாங்கியது. நசுக்கியது, தாங்கியது. மிச்சம் இருந்தது, ஆட்கள் போட்டு நடந்து பார்ப்பது. பத்து ஜோடி, பத்துப் பேர், நான்கு வாரம். ஆளுக்கு ஒரு படிவம். வாராவாரம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒன்பது பேர் எங்கள் தொழிற்சாலை ஆண்கள். பத்தாவது ஆள் வெளியே கடினமான வேலை செய்கிறவராக இருக்க வேண்டும் என்பது விதி. ரெசின் அக்காவை விட்டால் வேறு யார்?

ஒரே ஒரு சங்கடம். எங்களிடம் இருந்த மிகச் சின்ன அளவு ஆறு. அக்காவின் கால் நாலு. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு உள்ளே விட்டாள். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டாள்.

“உள்ள நம்ம சரக்கு இருக்குதில்ல?”

“இருக்கு அக்கா.”

“அப்ப போதும்.”

நான்கு வாரம் முடிந்து படிவங்கள் வந்தன. ஒன்பது பேரும் நான்கு வாரத்துக்கும் சேர்த்து ‘குட்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ‘வெரி குட்’. அவருக்கு அந்த மாதம் லீவு வேண்டியிருந்தது. பத்தாவது படிவம் இரண்டு பக்கத்துக்குத் தமிழில் நிறைந்து, ஓரத்திலும் ஏறியிருந்தது.

‘முதல் வாரம். ஹாஸ்டல் குழவிக் கல்லை விரல் மேலே போட்டுப் பார்த்தேன். கல்லு உருண்டு கீழே விழுந்து ரெண்டாச்சு. ஷூவுக்கு ஒண்ணும் ஆகலை. புதுக் கல்லு தேவை.’

‘ரெண்டாவது வாரம். பட்டறை மேஸ்திரியை ஏறி நிற்கச் சொன்னேன். அவர் நல்ல கனம். நின்றார். நான் டீ குடித்தேன்.’

‘மூணாவது வாரம். ஆசிட் தெறிச்சுது. தோல் போச்சு. உள்ளே நம்ம சரக்கு அப்படியே இருக்குது. தோலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, உங்க ஊர் பெருமை.’

‘நாலாவது வாரம். குந்தினா கடிக்குது. டோ கேப்போட பின் விளிம்பு விரல் மேலே ஏறி வெட்டுது. நான் நாள் முழுக்கக் குந்தற ஆளு. இது ஆகாது.’

நான் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். ‘இது ஆகாது’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. வாடிக்கையாளரின் ஆய்வாளர் வரும் தேதியும் குறித்தாகிவிட்டது.

மேனேஜரிடம் போனேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “நாலு சைஸ் கால ஆறுல வுட்டா கடிக்காம கொஞ்சுமா? தவிர, பாரின்காரன் குந்தவே மாட்டாம்மா. அவனுக்குக் குந்தவே தெரியாது. இத்த எடுத்து உள்ள வெச்சிட்டு ஒம்போத காட்டு.”

இரும்புக்குத் திரும்பிப் போக ஆசைப்பட்டவரே எனக்கு உதவுகிறார். சரி என்றுதான் தோன்றியது. ஆனாலும் ஒன்பது என்று போனால் பத்தாவது எங்கே என்று கேட்பார்களே. அந்த ஞாயிறு, மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு வெற்றுப் படிவத்தோடு போய் நின்றேன்.

“அக்கா, நாலாவது வாரத்த மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிக் குடு. ‘பரவாயில்ல’ன்னு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, மேலிருந்து படித்தாள்.

“‘உண்மையாக நிரப்பவும்’னு போட்டிருக்குது. யாரு போட்டது?”

“நான்தான்.”

“அப்ப?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் வேலையே போவப் போவுது அக்கா! உன் காலு சின்னது, அதான் கடிக்குது. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“என் காலு சின்னதா, உன் ஷூ பெருசா?”

“நாலு சைஸ் யாரும் போடறதில்ல.”

“ஏன், நாலு சைஸ் காலுக்கு மேல கல்லு வுழாதா?”

நான் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது எப்படி என்று அதற்கு முன் ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாது. வார்டன் அம்மா உயரத்திலிருந்து கவலையாகக் கேட்டார், “அவளுக்குத் தொண்ட சரியில்லியா?”

ஐந்தாவது நாள், வேலைக்குக் கிளம்பும்போது என் கட்டிலுக்கு அடியில் அந்த ஷூவை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கழுவி, துடைத்து, சாக்ஸ் இரண்டு ஜோடியையும் உள்ளே மடித்து வைத்து. எனக்கு அன்று விடுமுறை. என் கால் ஐந்து. சாக்ஸோடு மாட்டிப் பார்த்தேன். நின்றேன், நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், துவைக்கும் கல்லுக்கு முன்னால் அவளைப் போலவே குந்தி உட்கார்ந்தேன்.

மூன்றாவது துணியில் கடித்தது. ஐந்தாவது துணியில் எழுந்துவிட்டேன்.

அந்த டோ கேப்பை வரைந்தவள் நான். இயந்திரத்துக்கு எத்தனையோ முறை கொடுத்தவள் நான். அதைப் போட்டுக்கொண்டு ஒரு முறை கூடக் குந்திப் பார்த்ததில்லை. எங்கள் அம்மா இந்நேரம் எந்த வரப்பிலோ குந்தித்தான் களை பிடுங்கிக்கொண்டிருப்பாள். நான் நாற்காலியில் உட்காரப் படித்துவிட்டேன். அதனால் மறந்துவிட்டது.

மறுநாள் தொழிற்சாலையில் அந்த ஒன்பது பேரையும் மதிய உணவு நேரத்தில் ஷூவோடு வரிசையாகக் குந்தச் சொன்னேன். “இன்னா மேடம், தண்டனையா?” என்றார்கள். பத்து நிமிடம் ஆனதும் ஏழு பேர் நெளிந்தார்கள். ‘வெரி குட்’காரர் முதலில் எழுந்தார். ஆக, அக்காவின் கால் மட்டும் காரணம் இல்லை. இரும்பு மெலிசாக இருந்தாலே தாங்கும். எங்கள் சரக்கு அதே பாரத்தைத் தாங்கத் தடிப்பாக இருக்க வேண்டும். அந்தத் தடித்த விளிம்புதான் விரல் மடங்கும் இடத்தில் வெட்டியது.

ஆய்வாளர் வந்த அன்று நான் மேசையில் பத்துப் படிவத்தையும் வைத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் நாட்றம்பள்ளி பஸ் தெரிந்தது.

அந்த வெள்ளைக்காரர் ஒன்பது ‘குட்’டையும் நொடியில் தள்ளிவிட்டு, பத்தாவதை எடுத்தார். இது என்ன, இவ்வளவு எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் வரி வரியாகச் சொன்னேன். மேஸ்திரி ஏறி நின்றது வந்தபோது பேனாவை வைத்துவிட்டார். நாலாவது வாரம் வந்தது. குந்துவது என்றால் என்ன என்று கேட்டார். குந்திக் காட்டினேன். அவர் தன் அளவு ஷூவை மாட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றிவிட்டு, லேப் நடுவில் குந்தினார். அவர் வாழ்க்கையில் முதல் முறை என்பது உடனே தெரிந்தது. பின்பக்கமாகச் சாய்ந்து போனவரை மேனேஜர் ஓடிப்போய்த் தாங்கினார்.

அப்படியே எழுந்து, முட்டி போட்டு, கால் விரல்களை மடக்கி உட்கார்ந்தார். அவர் முகம் மாறியது. விமானத்தின் வயிற்றுக்குள் கூரை தாழ்வாக இருக்கும், மூட்டை அடுக்குகிறவர்கள் நாள் முழுக்க இப்படி முட்டி போட்டுத்தான் வேலை செய்வார்கள் என்று சொன்னார். இந்தச் சரக்கை ஏற்க முடியாது. விளிம்பைச் சரிசெய்ய ஆறு வாரம் தருகிறேன் என்றார். போகும்போது, பத்தாவது படிவத்தை எழுதியவரைச் சந்திக்க முடியுமா என்றும் கேட்டார். அவர் தொட்டிக்குள் இருப்பார் என்று சொன்னேன்.

மேனேஜர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “சாரே குந்திட்டார்மா. இனிமே நான் இன்னா சொல்றது? ஆறு மாசத்தோட ஆறு வாரம் சேத்துக்கோ. பேஜார் புடிச்ச வேல.”

அன்று மாலை அக்காவிடம் போய், “பத்தையும் குடுத்துட்டேன்” என்றேன்.

“வேல?”

“ஆறு வாரம் இருக்குது.”

“சரி, சோறு ஆறுது பாரு” என்றாள். சமாதானம் ஆகிவிட்டது.

விளிம்பைத் தேய்த்து மெலிசாக்கினால் விரிசல் விட்டது, தேய்க்காவிட்டால் கடித்தது. முதல் மாதிரியை அக்கா ஒரு நாள் போட்டுவிட்டு, “கடிக்குது” என்றாள். இரண்டாவதற்கு, “கடிக்குது, ஆனா கூச்சப்பட்டுக் கடிக்குது.” மூன்றாவதற்கு, “கடிக்கல. கடிக்கலாமான்னு யோசிக்குது.” அந்த மூன்றாவது, இயந்திரத்தில் பாரம் விழுந்ததும் விளிம்பில் கீறல் விட்டது. ஐந்தாவது வாரத்தில், விளிம்பை ஒட்டி இழைகளைக் குறுக்கே போடாமல் நீளவாக்கில் ஓடவிட்டு, சாய்வாக அழுத்தி, ஓரத்தில் மெல்லிய ரப்பர் உதடு வைத்தேன். இயந்திரம் தாங்கியது என்றது. அக்காவிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் பதில் இல்லை. படிவம் வெறுமையாகக் கிடந்தது. நான்காவது நாள் காலை, குளியலறை வரிசையில் துண்டும் சோப்புமாக நின்றுகொண்டிருந்தாள். காலில் ஷூ.

“அக்கா, படிவம் எழுதலியா?”

“எந்தப் படிவம்?” என்று கீழே பார்த்தாள். “அட, இத்த கழட்டவே இல்லியா நானு?”

அதை விட நல்ல அறிக்கை என் வேலையில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஆய்வாளர் சம்மதித்தார். என் வேலை நிரந்தரமானது. மேனேஜர் என் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “இரும்பு எங்கியும் போவாது, இருக்கும்” என்றார். அது அவருடைய வாழ்த்து.

அக்கா அதற்கடுத்த வருடம் சென்னைப் பக்கம், காற்றாலை இறக்கை செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போகிற அன்று எனக்கு ஒரு நினைவுப் பொருள் கொடுத்தாள். பிரஷ் நட்டுக்கொண்டிருக்கும் அந்த மக். இப்போது அது என் லேப் மேசையில் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏதோ விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். இறக்கையின் அடி வாய் ஒரு குகை மாதிரி இருக்கிறது. அதற்குள் கையை இரண்டு பக்கமும் விரித்து, நிமிர்ந்து நிற்கிறாள். போன் செய்து, “கால் வளந்துச்சா அக்கா?” என்று கேட்டேன். “அதே நாலுதான்டி. இங்க ஆம்பள ஷூதான் குடுக்கறானுங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கினு நிக்கிறேன்” என்றாள்.

எங்கள் தொழிற்சாலையில் ஷூ தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் தைப்பது எதுவும் அவர்கள் காலுக்குச் சேராது. முதலாளியிடம் இதைச் சொல்ல மூன்று முறை போனேன். மூன்றாவது முறை மேனேஜரும் கூட வந்தார். வந்து, “சின்னக் கால் மேலயும் கல்லு வுழும் சார்” என்றார். யாரிடமிருந்து கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

நாலு அளவுக்கான அச்சு போன வாரம் வந்து இறங்கியது. முதல் ஜோடி டோ கேப்பை அழுத்தி எடுத்து, நானே பக்கத்தில் நின்று ஷூவாகத் தைக்க வைத்து, ஒரு ஜோடி சாக்ஸோடு அவள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். உள்ளே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இயந்திரம் சூடாக நிற்கிறது. ஆட்கள் தினம் வந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். பத்தாவது ஆள் குந்திப் பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.